இத்தாலிக்காரன் தின்ற காராமணி

உங்கள் செக்‌ஷனில் இந்நேரம் ஒருத்தராவது வீகன் ஆகியிருப்பார். பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார். கான்டீனில்தான் குட்டு வெளிப்படும். டீ வேண்டாம், தயிர் வேண்டாம், பொங்கலில் நெய் ஊற்றியிருக்கிறதா என்று சர்வரைக் குறுக்கு விசாரணை செய்வார். கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், நெய், தேன் எதுவும் ஆகாது. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய கூட்டாளிகளும் வெஜிடேரியன் என்ற வார்த்தையின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை வெட்டி எறிந்து செய்த சொல் அது. சொல்லிலேயே சிக்கனம்!

இப்பேர்ப்பட்ட ஆசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் மே மாதத்தில், 'உன் ரூமுக்கு வரேன்டா' என்கிறார். நமக்குத் தெரிந்த உபசாரமோ காபியில் ஆரம்பித்து மோரில் முடிகிறது. இரண்டும் மாட்டைக் கேட்காமல் நடக்காது. என்ன கொடுப்பது?

'பஜ்ஜி போட்டால் போச்சு' என்கிறீர்கள். வாஸ்தவம், பஜ்ஜி வீகன்தான். மே மாதத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் அரை மணி நேரம் நிற்க உங்களுக்குத் திராணி இருந்தால் நில்லுங்கள். எனக்கில்லை. அதனால் ஒரு மாற்று யோசனை. அடுப்பு எரிவது மொத்தமே அரை மணிதான். அதிலும் குக்கர் தன் பாட்டுக்கு விசிலடிக்கும்போது நீங்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கலாம்.

பெயர் ப்ருஸ்கெட்டா. ஆபீஸ் ட்ரீட்டுக்கு ஏ.சி. ரெஸ்டாரண்டுக்குப் போனால் மெனு கார்டின் முதல் பக்கத்தில், ஸ்டார்ட்டர்ஸ் என்ற தலைப்பின் கீழே இது பதுங்கியிருக்கும். பி.காம். படித்தவர்கள் மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து, அதாவது விலையிலிருந்து படிக்கிற ஜாதி. அந்த விலையைப் பார்த்துவிட்டு மெல்ல இடது பக்கம் வந்தால் வாயில் நுழையாத பெயர். தப்பாகச் சொன்னால் எதிரே இருக்கிற டீம் லீடர் சிரிப்பாரோ என்று பயந்து 'எனக்கு டொமேட்டோ சூப்' என்று பின்வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதலில் இந்த பயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். எழுத்தைப் பார்த்து நிறையப் பேர் ப்ரூஷெட்டா என்கிறார்கள், டீம் லீடர் உட்பட. இத்தாலிக்காரன் 'க' போட்டுத்தான் சொல்வான். ப்ருஸ்கெட்டா. ரோம் பக்கத்துப் பேச்சு வழக்கில் கரி நெருப்பில் சுடுவதைக் குறிக்கிற வார்த்தையிலிருந்து வந்தது. சுட்ட ரொட்டி, அவ்வளவுதான் சார் அர்த்தம்.

இதைப் பணக்காரத் தீனி என்று நினைத்தால் அதைவிடப் பெரிய தமாஷ் கிடையாது. காய்ந்துபோன ரொட்டியைக் குப்பையில் போட மனசு வராத ஏழை ஜனங்கள் கண்டுபிடித்தது. இத்தாலியின் நடுவில், ஃப்ளாரன்ஸ் நகரம் இருக்கிற டஸ்கனி பிரதேசத்தில் இதற்கு ஃபெட்டுன்டா என்று பெயர். 'எண்ணெய் தடவிய துண்டு'. நவம்பர் வாக்கில் ஆலிவ் காய் பறித்துச் செக்கில் ஆட்டினதும், புது எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரொட்டித் துண்டைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, எண்ணெயை ஊற்றிக் கடிப்பார்கள். இங்கே எண்ணெய்தான் ஹீரோ. ரொட்டி வெறும் கரண்டி.

டஸ்கனி ரொட்டியில் இன்னொரு விசேஷம், உப்பே போட மாட்டார்கள். 'பானே ஷொக்கோ' என்பார்கள். ஷொக்கோ என்றால் சப்பென்று இருப்பது என்றும் அர்த்தம், அசடு என்றும் அர்த்தம். ஆக, அசட்டு ரொட்டி. அசடு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2016-ல் ஐரோப்பிய யூனியன் இந்த ரொட்டிக்கு, நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி, முத்திரை குத்திப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அந்த ஊரில் செல்லாது.

அந்த டஸ்கனிக்காரர்களுக்கு மற்ற இத்தாலியர்கள் வைத்த பட்டப்பெயர் மாஞ்சாஃபஜோலி. பீன்ஸ் தின்னிகள்! பீன்ஸ் என்றால் நாம் பொரியல் பண்ணுகிற பச்சை பீன்ஸ் இல்லை, உலர்ந்த கொட்டை. ஒயின் குடித்து முடித்த கண்ணாடிக் குடுவைக்குள் பீன்ஸ், தண்ணீர், பூண்டு, எண்ணெய் எல்லாம் போட்டு, அணையப் போகிற கணப்பின் சாம்பலில் ராத்திரி புதைத்துவிட்டுப் படுத்துவிடுவார்களாம். காலையில் வெண்ணெய் மாதிரி வெந்திருக்கும். அடுப்புக் கரிக்கும் செலவில்லை, பாத்திரத்துக்கும் செலவில்லை. காஸ்ட் அக்கவுன்டன்சி பேப்பரில் இவர்களுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். இந்த பீன்ஸைச் சுட்ட ரொட்டி மேல் ஏற்றினால் நமது ஸ்டார்ட்டர் ரெடி.

இன்றைக்கு அவர்கள் போடுவது கான்னெல்லினி என்ற வெள்ளை பீன்ஸ். நம் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டால், 'என்ன தம்பி, மருந்து பேரா?' என்பார். கேட்க வேண்டாம். வேறு வழி இருக்கிறது. அந்த வழியை எனக்குக் காட்டியது ஒரு ஓவியம்.

ரோமில் கொலோன்னா மாளிகையில் தொங்குகிறது. அனிபாலே கராச்சி என்ற ஓவியர் 1580-களில் வரைந்தது. பெயரே 'பீன்ஸ் தின்னி'. வைக்கோல் தொப்பியைக்கூடக் கழற்றாத ஒரு உழைப்பாளி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் ரொட்டி. எதிரே கிண்ணம் நிறைய பீன்ஸ், பக்கத்தில் வெங்காயத் தாள். ஸ்பூன் பாதி வழியில் நிற்கிறது, அதிலிருந்து சாறு சொட்டுகிறது, வாய் திறந்திருக்கிறது. 'என்னய்யா வேணும் உனக்கு? சாப்பிட விடு!' என்று நம்மையே முறைக்கிறான். மெஸ்ஸில் மத்தியானம் 1 மணிக்கு எதிர் சீட்டு ஆசாமி முறைப்பது போலவே இருக்கும். ராஜாக்களையும் தேவதைகளையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கூலிக்காரனின் சாப்பாட்டை வரைந்திருக்கிறார் மனுஷர்.

அந்தக் கிண்ணத்தில் இருக்கிற பீன்ஸை உற்றுப் பாருங்கள். வெள்ளை உடம்பு, நடுவில் கறுப்புக் கண். பார்த்தவர்கள் சொல்வது, அது காராமணி! கொங்கு நாட்டு வாசகர்களுக்குத் தட்டைப்பயறு.

விஷயம் இதுதான். கான்னெல்லினி, நம் ராஜ்மா எல்லாம் ஒரே இனம், அமெரிக்கச் சரக்கு. 1492-ல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கே அறிமுகம். தக்காளியும் அப்படித்தான். அதற்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களாக இத்தாலிக்காரன் தின்ற பீன்ஸ் காராமணி. ஆப்பிரிக்காவில் பிறந்து, ஒரு கிளை அந்தப் பக்கம் போயிற்று, ஒரு கிளை நம் பக்கம் வந்தது. இன்றைக்கும் உம்ப்ரியா பகுதியில் த்ரசிமேனோ ஏரிக் கரையில் குட்டிக் காராமணி ஒன்றைப் பயிரிட்டுப் பெருமையாக விற்கிறார்கள். ஆகவே நீங்கள் கான்னெல்லினி கிடைக்காமல் காராமணி போடுவதாக நினைக்காதீர்கள். காராமணி கிடைக்காமல்தான் அவன் கான்னெல்லினிக்குப் போனான் என்று ஒரு போடு போடுங்கள். (சரித்திரப் பேராசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திப் பேசவும்.)

சரி, வேலைக்கு வருவோம். நாலு பேருக்குக் கணக்கு.

வெள்ளைக் காராமணி ஒரு டம்ளர். காலையில் ஊறப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். மே மாத வெயிலில் சாயங்காலம் வந்து பார்த்தால் நுரைத்துப் புளித்து ஒரு வாசனை வரும். ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வருவார். காராமணிக்கு 2 மணி நேரம் போதும். ஊற வைக்கிற தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டால் தோல் மெத்தென்று வேகும். உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழியை ஏற்க வேண்டியது புளிப்பு. எலுமிச்சை, தக்காளி, புளி எதுவானாலும் வெந்த பிறகுதான் சேர வேண்டும். முன்னால் சேர்த்தால் கொட்டை பிடிவாதம் பிடிக்கும்.

தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, 4 பல் பூண்டைத் தட்டிப் போட்டு, குக்கரில் 2 அல்லது 3 விசில். குக்கருக்குக் குக்கர் குணம் மாறும். இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும், ஆனால் உருவம் கெடக் கூடாது.

ராஜ்மாதான் இருக்கிறது என்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, இது தமாஷ் இல்லை. ராஜ்மாவில் லெக்டின் என்ற ஒரு விஷச் சரக்கு உண்டு. அரைவேக்காட்டில் நாலைந்து கொட்டை தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுத்துவிடும். ராத்திரி முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாகக் குழைய வேக வையுங்கள். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேக வைக்கிற மின்சாரப் பானையில் நேராகப் போட்டுவிடாதீர்கள். கொதி வராத சூடு அந்த விஷத்தை முறிக்காது, அதிகமாக்கவும் கூடும். வீகன் நண்பரை வரவழைத்து ஜி.ஹெச்.சில் சேர்த்தார் என்ற பெயர் நமக்கு எதற்கு?

வெந்ததை வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சொல்கிறேன். சூடாக இருக்கும்போதே உப்பு, மிளகுத்தூள், 2 ஸ்பூன் எண்ணெய், அரை மூடி எலுமிச்சம் பழம். கரண்டியால் பாதியை மசித்து, பாதியை முழுசாக விடுங்கள். மசித்தது பசை, முழுசு, பல்லுக்கு வேலை. கெட்டியாக இருந்தால் வடித்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுத் தளர்த்தலாம். ஆலிவ் எண்ணெய் இருந்தால் சரி. இல்லாவிட்டால் செக்கு நல்லெண்ணெய். டஸ்கனிக்காரன் கோபிப்பானா? கோபிக்கட்டும். உள்ளூர்ச் செக்கில் ஆட்டின புது எண்ணெயின் மணத்தைக் கொண்டாடத்தானே அவனே ரொட்டி சுட்டான்.

2 தக்காளி, விதையை வழித்தெடுத்துப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டு 10 நிமிஷம் தனியாக வையுங்கள். ஒரு குளம் தண்ணீர் விடும். அதை இறுத்துவிடவும், இல்லாவிட்டால் ரொட்டி சொதசொதத்துவிடும். நாலு சின்ன வெங்காயம், பொடியாக. வாசனைக்கு அவர்கள் போடுவது பேசில் இலை. சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலம் கட்டி விலை சொல்வார்கள். நம் திருநீற்றுப்பச்சிலை, அதாவது சப்ஜா விதை காய்க்கிற செடி, அதே பேசில் இனம்தான். துளசி இல்லை, அது வேறு. ஊரில் அம்மா வளர்த்தால் இரண்டு கொத்து வாங்கி வாருங்கள். அதுவும் இல்லையா, கொத்தமல்லி. போலீஸ் வராது.

கடைசியாக பிரெட். பேக்கரியில் சால்ட் பிரெட், ஸ்வீட் பிரெட் என்று இரண்டு உண்டு. ஸ்வீட் பிரெட்டை வாங்கினால் பீன்ஸ் கேசரி சாப்பிடுகிற அனுபவம் கிடைக்கும். சால்ட் பிரெட், அதுவும் வெட்டாத முழு ரொட்டியாகக் கேளுங்கள். உறையைத் திருப்பி மில்க் சாலிட்ஸ், பட்டர், பால் பவுடர் என்று ஏதாவது இருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். உறையில்லாத பேக்கரி ரொட்டியென்றால் மாஸ்டரிடமே கேட்டுவிடுங்கள். வந்திருக்கிற விருந்தாளி அதைத்தான் முதலில் கேட்பார். இன்றைய பிரெட்டைவிட நேற்றைய பிரெட் நன்றாகச் சுடப்படும். சரக்கிருப்புக் கணக்கில் படித்தோமே, முதலில் வந்தது முதலில் வெளியே, அந்த முறைதான்.

ஒரு விரல் கனத்துக்கு வெட்டி, எண்ணெயில்லாத தோசைக்கல்லில், மிதமான தீயில், இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்திச் சுடுங்கள். வெளியே பொன்னிறமாக மொறுமொறுவென்று, அங்கங்கே கறுத்து, உள்ளே லேசாக மெத்தென்று. அவசரப்பட்டால் வெளியே கரியும் உள்ளே பஞ்சுமாக வரும். இறக்கின சூட்டோடு ஒரு பச்சைப் பூண்டுப் பல்லை இரண்டாக நறுக்கி ரொட்டி மேல் தேயுங்கள். சுட்ட ரொட்டி சொரசொரப்பாக இருப்பதால் தேங்காய்த் துருவி மாதிரி பூண்டைத் துருவிக்கொள்ளும். நாலு தேய்ப்புப் போதும். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது.

மேலே காராமணி, அதன் மேல் தக்காளி வெங்காயம், கிள்ளிப் போட்ட இலை, ஒரு சொட்டு எண்ணெய். தட்டில் வைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். 'பேசிக்கிட்டே சாப்பிடலாம்' என்று ஆறப் போட்டால் ரொட்டி நமத்துவிடும். ஸ்பூன், ஃபோர்க் எதுவும் வேண்டாம், கையால்தான் தின்ன வேண்டும். இந்த விஷயத்தில் இத்தாலிக்காரன் நம் கட்சி.

'இதுக்குக் காராமணிச் சுண்டலும் பிரெட்டும் தனித்தனியாத் தின்னுட்டுப் போகலாமே?' என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. தின்னலாம். கோதுமையில் குறைகிற லைசின் என்ற சத்து பயறில் நிறைய. பயறில் குறைகிற மெத்தியோனின் கோதுமையில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் இட்லியில் பண்ணுகிற அதே பார்ட்னர்ஷிப். தனித்தனியாகத் தின்றாலும் இந்தக் கூட்டு உடம்புக்குள் நடந்துவிடும். ஆனால் சுண்டல் என்று சொன்னால் நண்பர், 'ஓ, சுண்டலா?' என்பார். ப்ருஸ்கெட்டா என்று சொல்லிப் பாருங்கள், 'க' போட்டு.

மிச்சமான காராமணியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் தாங்கும். வடித்த தண்ணீரும் அப்படியே; ராத்திரி ரசத்தில் விடுங்கள், பருப்பில்லாமலே கெட்டியாக வரும். நண்பருக்குக் குடிக்க? கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி. அதற்குப் பால் கேட்டு எந்த மாட்டிடமும் போக வேண்டியதில்லை.