மேடைக்குக் கூரை, ஜனங்களுக்கு?

கள்ளக்குறிச்சிப் பக்கம் பல ஊர்களில் கோயிலுக்கு எதிரே ஒரு கான்கிரீட் மேடை நிற்கும். நெற்றியில் 'கலையரங்கம்' என்று பெயிண்ட் எழுத்து. கீழே எந்த நிதி, எத்தனை லட்சம், திறந்து வைத்தவர் யார் என்ற விவரமெல்லாம் இருக்கும். திருவிழா இல்லாத நாளில் அதில் மக்காச்சோளம் காயும்.

அரங்கம் என்றால் பார்க்கிறவர்களுக்கும் இடம் இருக்க வேண்டாமா? இங்கே கூரை மேடைக்கு மட்டும்தான். ஜனங்களுக்குப் புழுதியும் பனியும்!

தெருக்கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தரையில் ஆடுகிற கலை. மூன்று பக்கமும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் பிடித்த திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வந்தால் முன்னால் இருக்கும் பிள்ளைகள் அலறிப் பின்வாங்கும். கட்டியங்காரன் தூங்குகிறவரைக்கூட வம்புக்கு இழுப்பான். அதைத் தூக்கி நாலடி உயரத்தில், மூன்று சுவருக்குள் வைத்தால்? பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சுவர்தான் தெரியும். நல்லவேளை, பாரதக் கூத்தின் படுகளம் தப்பித்தது. மண்ணால் செய்த துரியோதனனை எந்த மேடையிலும் ஏற்ற முடியாதே!

"உயரம் இருந்தால்தானே பின்னால் இருப்பவருக்குத் தெரியும்?" என்பார்கள். நியாயம்தான். அதற்கு ஒன்றரை அடித் திண்ணை போதும். பக்கச் சுவர் எதற்கு?

தரையில் ஆடினால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. விடிய விடிய நடக்கும் கூத்தில் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? முட்டி வலிக்கும் பாட்டி எவ்வளவு நேரம் தரையில் உட்காருவார்? மராமத்து என்றதும் மேடைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

லண்டனில் 1951-ல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் 1983-ல் ஒரு காரியம் செய்தார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் பகலில் வந்து உட்காரலாம் என்று முகப்புக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கதவைத் திறக்கப் பெரிய செலவா ஆகும்?

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. தலைநகரில் ஒரு குளுகுளு அரங்கம் கட்டினால் கலை வளர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கேள்வி. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து வருகிறவர் நிகழ்ச்சி முடிந்து ராத்திரி எப்படி மலையேறுவார்?

முதலில் ஊர் மேடைகளைச் சரிசெய்யுங்கள். பக்கச் சுவரை இடித்து, உயரத்தைக் குறையுங்கள். எதிரே கூரை, சுற்றிலும் திண்ணை, தண்ணீர் வருகிற கழிப்பறை, விளக்கு. மலையிலும் இதையே செய்யுங்கள்.

பிறகு 'அனைவரும் வருக' என்று பேனர் கட்டலாம். இப்போது கட்டினால், வந்தவர்கள் எங்கே உட்காருவது?