படபடக்காத நாடி

எதிரே சில நடுவர்கள். சிரிக்க மாட்டார்கள், தலையசைக்கவும் மாட்டார்கள். அவர்கள் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் கணக்கு: 1,022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இது. மனிதருக்கு மன அழுத்தத்தை வரவழைத்துப் பார்க்க உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படுகிறது.

அந்த நேரத்தில் உடல் என்ன செய்கிறது? விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி காட்டிக்கொடுத்துவிடும். அதிலுள்ள விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் ரத்தம் பெருகும்போது அதிக ஒளி விழுங்கப்படுகிறது. ரத்தம் வடியும்போது குறைவாக. இந்த ஏற்ற இறக்கம்தான் நாடி அலை. கோவிட் நாட்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த ஆக்ஸிமீட்டரும் இந்த அலையை வைத்துத்தான் வேலை செய்கிறது. பதற்றம் வந்தால் விரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அலையின் உயரம் குறையும். இதயம் வேகமெடுப்பதால் அலைகளும் நெருங்கி வரும்.

மனச்சோர்வு நோயாளியின் நாடி மற்றவர்களைவிட அதிகமாகப் படபடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல ஆய்வுகள் சொல்வது நேர்மாறு. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் இதயம் சோதனையின்போது மற்றவர்கள் அளவுக்கு வேகமெடுக்கவில்லை. சோதனை முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பவும் திணறியது.

ஆக, அடங்கிய நாடியை அமைதி என்று எண்ணிவிட முடியாது. "ஒன்றுமில்லை, வெறும் சோம்பல்" என்று குடும்பம் முடிவு கட்டிய மனிதரிடம், நெருக்கடியைச் சந்திக்க உடல் திரட்ட வேண்டிய சக்தியே திரளாமல் போயிருக்கலாம்.

அப்படியானால் விரலில் கருவியை மாட்டியே நோயைக் கண்டுபிடித்துவிடலாமா? விஷயம் அவ்வளவு சுலபமல்ல. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளே இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, இந்தக் குறைவுக்கு நோயைவிட மருந்தே முக்கியக் காரணம் என்றது. விரல் குளிர்ந்தாலும் கை அசைந்தாலும் அலை கெட்டுவிடும். தோலின் கருநிறமியும் ஒளியை விழுங்கும். வெள்ளைத் தோலில் சரிபார்த்த கருவியை அப்படியே இந்தியர் விரலில் மாட்டி நம்பிவிட முடியாது.

இருந்தாலும் இந்த ஆராய்ச்சியின் தேவை பெரியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. வெளியே சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் வாயை அடைக்கிறது. கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் டாக்டருக்கு விசாரிக்க நேரமும் இல்லை.

'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பவரின் நாடி வேறு விதமாகப் பேசினால், இன்னொரு முறை கேட்க டாக்டருக்கு அது ஒரு காரணம். அதற்கு மேல் கருவியிடம் எதிர்பார்க்க முடியாது. நிதானமாக உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.