எண்ணிக்கையா, வாதமா? இணையச் சமநிலை இயக்கம் தந்த பாடம்

புது தில்லி: அரசு அமைப்புகள் நடத்தும் கருத்துக் கேட்பு பெரும்பாலும் சடங்காகவே முடிந்துவிடுகிறது. அதற்கு விதிவிலக்காக அமைந்தது, இணையச் சமநிலைக்காக 2015-இல் எழுந்த இயக்கம். எல்லா இணையதளங்களையும் பாகுபாடின்றிப் பெறும் உரிமையே அதன் கோரிக்கை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2015 மார்ச் 27-ஆம் தேதி 118 பக்க ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு, 20 கேள்விகளுக்குப் பதில் கோரியது. தில்லி, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களின் தன்னார்வலர்கள் அதனை எளிமைப்படுத்தி, மாதிரிப் பதில்களுடன் இணையத்தில் பரப்பினர். ஏப்ரல் 24-க்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன.

அதே ஆயுதத்தை ஃபேஸ்புக் நிறுவனமும் கையில் எடுத்தது. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தனது "ஃப்ரீ பேசிக்ஸ்" திட்டத்துக்கு ஆதரவாக, ஆயத்த வாசகங்களைத் தன் பயனாளர்கள் மூலம் டிராய்க்கு அனுப்பச் செய்தது. டிசம்பரில் வெளியான இரண்டாவது அறிக்கைக்கு வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவை இத்தகையவை. ஆனால், கேட்கப்பட்ட நான்கு கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்பதை டிராய் சுட்டிக்காட்டியது.

எண்ணிக்கையே அளவுகோல் என்றால் ஃபேஸ்புக் வென்றிருக்கும். ஆனால் 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை வேறுபடுத்துவதை டிராய் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ. 50 ஆயிரம், அதிகபட்சம் ரூ. 50 லட்சம் அபராதம். சில நாள்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலகியது.

திரண்ட கூட்டத்துக்கு அப்பால், ஆய்வுக்கும் இதில் பங்குண்டு. 2008-இல் தொடங்கப்பட்டு, பெங்களூரு தொம்மலூரில் இயங்கிவந்த இணையம் மற்றும் சமூக மையம் போன்ற அமைப்புகள், இலவசத் திட்டங்களை வகை பிரித்து ஆராய்ந்து கருத்துரைத்தன. கோஷத்துக்கு வலுவூட்டுவதும், சில வேளைகளில் அதனைக் கேள்விக்கு உள்படுத்துவதும் இத்தகைய ஆய்வுகளே.

எனினும், ஒரு குறை எஞ்சுகிறது. இரு தரப்பும் ஏழைகளின் பெயரால் வாதிட்டன. இணைய இணைப்பே இல்லாத அந்த ஏழைகளோ மின்னஞ்சல் வழியே நடந்த விவாதத்தில் இடம்பெற இயலவில்லை. மாநில மொழிகளில், நேரடிக் கூட்டங்கள் வாயிலாகவும் கருத்துக் கேட்கப்படாத வரையில், இணையத்தில் எழும் குரல் மக்கள் குரலின் ஒரு பகுதி மட்டுமே.