போன் தரும் பரிந்துரையும் டாக்டர் தரும் பரிந்துரையும்

1/
சில மாதங்களுக்கு முன்பு நடந்தது. திருச்சுழி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். மழை இருந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை.

வலது கால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. பக்கத்து விரலிலும் சீழ்.

"வலிக்குதா அண்ணே?"

"வலியே இல்ல டாக்டரம்மா. வாடை அடிக்குதுன்னு வீட்டுலதான் இழுத்துட்டு வந்துருச்சு."

(அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
கருவேல முள் ஏறியிருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. பல வருஷம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துவிடும். முள் ஏறினாலும் தெரியாது, தீக்கங்கை மிதித்தாலும் தெரியாது. செருப்பில்லாமல் கரிசல் காட்டில் நடக்கும் மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

மூணு மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 13-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தின தடவை 7.4.

"மாத்திரை போடுறீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அத விட்டு நாலு மாசமாச்சு தாயி. கிட்னிய தின்னுரும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"போன்ல."

3/
முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருஷத்துக்கு முந்திய நானாக இருந்திருந்தால் வார்டே அதிரக் கத்தியிருப்பேன். இந்த முறை வேறொன்று செய்தேன். போனை வாங்கி, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பார்த்த வீடியோக்களின் ஹிஸ்டரியைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.

டாக்டர்கள் நோயாளியிடம் முதலில் எடுப்பதும் ஹிஸ்டரிதான். எப்போ ஆரம்பிச்சது, எப்படிக் கூடுச்சு, என்ன சாப்பிட்டீங்க. அதே கேள்விகளைத்தான் போனிடமும் கேட்டேன்.

4/
முதல் நாள்: குதிரைவாலிக் கஞ்சி செய்வது எப்படி.
அன்றே: எந்தச் சிறுதானியம் சுகருக்கு நல்லது.
மூன்றாம் நாள்: மருந்து இல்லாமல் சுகர் குறைய.
ஆறாம் நாள்: மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.
பதினோராம் நாள்: ஒரு பொடி. கீழே வாட்ஸ்அப் நம்பர்.

இதில் அவர் கையால் தேடியது முதல் வீடியோ ஒன்றைத்தான். மீதியெல்லாம் தானாக ஓடியவை, அல்லது "உங்களுக்காக" என்று போன் எடுத்து நீட்டியவை.

5/
இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் வீடியோவைத் தேடச் சொன்னதே நான்தான்.

"அரிசியக் குறைங்க, குதிரைவாலி சேருங்க, எப்படிச் செய்யிறதுன்னு போன்ல பாத்துக்கங்க" என்று போகிற போக்கில் சொன்னேன். வெளியே அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அவர் மூணாவது நிமிஷத்தில் முடிந்த கேஸ். மீதிப் பேச்சைப் போனிடம் விட்டுவிட்டேன். போன் நாலு மாதம் பேசியது.

6/
சரி, போன் ஏன் அப்படிப் பேசியது? யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டு அவரைக் கெடுத்தார்களா? பொடி விற்றவரை விட்டுவிடுங்கள். இடையில் வேலை செய்தது ஒரு கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும்.

எந்த ஆப் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. இந்த வகை ஆப்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். தன் கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்தது என்பதால் யூடியூபை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

7/
2012-ல் யூடியூப் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை ஒரு வீடியோவை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் எத்தனை நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள்.

2016-ல் கூகுள் பொறியாளர்கள் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். வேலை இரண்டு கட்டம். முதலில், லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து உங்கள் பழைய ஹிஸ்டரிக்குப் பொருந்தும் சில நூறைப் பொறுக்குவது. அடுத்து, அந்தச் சில நூறில் எதை நீங்கள் அதிக நேரம் பார்ப்பீர்கள் என்று கணித்து வரிசைப்படுத்துவது.

யூடியூபில் மக்கள் செலவழிக்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பரிந்துரைகளால் வருகிறது என்று 2018 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி நீல் மோகனே சொன்னார்.

8/
இதை நம்ம ஊர்ப் பாணியில் சொல்கிறேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு டீக்குக் காசு கிடையாது. நீங்கள் பெஞ்சில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தீர்களோ அதற்குத்தான் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என்ன செய்வார்? நல்ல டீ போடுவதை விட, நீங்கள் எழுந்திருக்கவே முடியாதபடி ஒரு கதையை எடுத்துவிடுவார். "குதிரைவாலி நல்லதுண்ணே" என்றால் நீங்கள் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். "நீங்க போடுற மாத்திரைல ஒரு ரகசியம் இருக்கு, டாக்டருங்க வெளிய சொல்ல மாட்டாங்க" என்றால்? இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கும் விதம் அப்படி.

9/
"அதெல்லாம் பழசு டாக்டர், இப்ப திருப்தியா இருக்கான்னும் கேக்குறாங்க" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பார்த்த நேரத்தோடு லைக், சர்வே எல்லாம் சேர்த்துக்கொள்வதாக அந்த நிறுவனமே எழுதியிருக்கிறது.

ஆனால் நம்ம அண்ணனிடம் அந்த நாலு மாதத்தில் என்றைக்குக் கேட்டிருந்தாலும் 5 ஸ்டார் கொடுத்திருப்பார். அவ்வளவு திருப்தியாக இருந்தார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, டாக்டரம்மா திட்டு இல்லை. சர்க்கரை ஏறுவது வலிக்காது. விரல் கறுத்ததே வலிக்கவில்லை.

ஒரு நோயாளி திருப்தியாக இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல.

10/
இங்கே தமிழில் ஒரு வார்த்தைச் சிக்கலும் இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கும் சீட்டையும் "பரிந்துரை" என்கிறோம். போன் நீட்டும் வீடியோவையும் "பரிந்துரை" என்கிறோம்.

என் பரிந்துரை தப்பாகப் போனால் என் பெயர் அந்தச் சீட்டில் இருக்கிறது. மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கிறது. நீங்கள் என்மேல் புகார் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம்.

போனின் பரிந்துரையில் யார் கையெழுத்து இருக்கிறது?

11/
இப்போது அந்தக் கிட்னி விஷயம். பயந்து போயிருப்பவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத பிரஷரும்தான் கிட்னியைக் கெடுக்கின்றன.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? கிட்னி ஏற்கெனவே ஓரளவு பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்போம், ரொம்பப் பழுதாகியிருந்தால் நிறுத்துவோம். அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால். "கிட்னி கெட்டால் மாத்திரையை நிறுத்துவார்கள்" என்பதைத் திருப்பிப் போட்டு "மாத்திரையால் கிட்னி கெடும்" என்று ஆக்கிவிட்டார்கள்.

மழை வந்தால் குடை பிடிக்கிறோம். குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்று சொல்வோமா?

12/
இன்னொரு வேடிக்கை. "கெமிக்கல் வேண்டாம், மூலிகை போதும்" என்று பயமுறுத்துகிறார்களே, அந்த மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு மூலிகைதான். பிரெஞ்சு லைலாக் என்று ஒரு செடி, ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்து நாட்டு வைத்தியத்தில் இருந்தது. அதிலிருந்த பொருளை ஆராய்ந்து, அதன் விஷத்தன்மையை உணர்ந்து, பாதுகாப்பான உறவுப் பொருளைத் தேடிய வழியில் வந்தது இது. 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்.

இந்தக் கதையும் சுவாரசியம்தான். ஆனால் இதைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். அதனால் உங்கள் போனில் இது வராது.

13/
சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்தத் திரெட்டையே எழுத வைத்தது அதுதான்.

"அது பொய்னா, ஏன் தாயி அத்தன பேரு சொன்னாங்க? ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டேன். பத்துப் பேரு சொன்னாங்களே."

அவர் முட்டாள் இல்லை. கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் உண்மையைக் கண்டுபிடித்தோம். கிணத்துத் தண்ணி உப்பா இல்லையா, அந்த விதை முளைக்குமா முளைக்காதா என்று நாலு பேரைக் கேட்போம். நாலு பேரும் தனித்தனியாக அனுபவப்பட்டவர்கள். அதனால் அது செல்லுபடியானது.

போனில் வந்த பத்துப் பேர் அப்படி வரவில்லை. ஒரே கணக்கு, ஒரே மாதிரிப் பேசும் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து வரிசையாக நிறுத்தியது. மாத்திரை போட்டு இருபது வருஷமாக நன்றாக இருக்கும் பதினோராவது ஆள் அந்த வரிசையில் இல்லவே இல்லை.

14/
இது ஒருத்தர் கதையா? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. கிட்டத்தட்ட எல்லார் வீட்டிலும் இப்போது ஒரு ஸ்மார்ட் போன்.

2018 ஜூலையில் திருப்பூரில், இணைய வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று, ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்ததாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அப்போது எல்லோரும் அந்தக் குடும்பத்தைத் திட்டினோம். அவர்கள் திரைக்கு எந்த வரிசையில் எது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

15/
சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-லேயே போட்ட சட்டம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது அதன்படி குற்றம்.

விளம்பரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும்போது, ஒளி, ஒலி, புகை எதன் வழியாகச் செய்தாலும் விளம்பரம்தான் என்கிறது. புகை வரைக்கும் யோசித்தவர்கள்! போன் வீடியோ ஒளியும் ஒலியும்தானே?

பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டினால் ஊருக்கே தெரியும், ஒட்டியவனைப் பிடிக்கலாம். இந்தப் போஸ்டரோ ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலும் தனித்தனியாக ஒட்டப்படுகிறது. அவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது.

16/
ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் எல்லாம் பயனாளரின் பழக்கத்தை அளக்காத பரிந்துரை முறை ஒன்றையும் தேர்வாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அந்தக் கடமை நடைமுறையில் இருக்கிறது.

பாரிஸில் இருப்பவருக்குக் கிடைக்கும் அந்த உரிமை பரளச்சியில் இருப்பவருக்கும் வேண்டும். குறைந்தபட்சம் உடல்நலம் பற்றிய வீடியோக்களுக்காவது, "அடுத்தது" என்று தானாக ஓடுவதை நிறுத்துங்கள் என்பதே என் கோரிக்கை. வீடியோவைத் தடை செய்யச் சொல்லவில்லை. தேடுபவர் தேடட்டும். தேடாதவர் மடியில் கொண்டுவந்து போடாதீர்கள்.

17/
டாக்டர்களுக்கும் ஒன்று. "கூகுள் பாத்துட்டு வராதீங்க" என்று போர்டு வைத்தால் பிரச்சினை தீராது. பார்த்துவிட்டு வருவார்கள், நம்மிடம் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லாத நோயாளிதான் ஆபத்தான நோயாளி.

இப்போது நான் "பீடி உண்டா, மது உண்டா" என்று கேட்கும் வரிசையிலேயே "போன்ல என்ன பாக்குறீங்க?" என்றும் கேட்கிறேன். முகம் சுளிக்காமல் கேட்டால் பாதிப் பேர் போனையே நீட்டுகிறார்கள்.

18/
வீட்டில் இருப்பவர்கள் செய்யக் கூடியவை:

• ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள்.
• பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழித்து, சேமிப்பதையும் நிறுத்துங்கள். யூடியூபில் இப்படிச் செய்தால் முகப்பில் பரிந்துரைகள் வருவதே நின்றுவிடும்.
• பயமுறுத்தும் வீடியோ வந்தால் மூன்று புள்ளியை அமுக்கி, அந்தச் சேனலே வேண்டாம் என்று சொல்லுங்கள்.
• வீடியோவின் முடிவில் ஒரு நம்பரோ பொடியோ வந்தால், அது மருத்துவம் இல்லை, வியாபாரம்.
• எதைக் கேட்டாலும் சரி, மாத்திரையை நிறுத்தும் முன்பு ஒரு தடவை டாக்டரையோ கிராமச் செவிலியரையோ கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஒரு வேளைகூடத் தானாக நிறுத்தக் கூடாது. டைப் 1 குழந்தைகளுக்கு அது சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

19/
அந்த அண்ணனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பித்தது. இப்போது மெத்தென்ற எம்சிஆர் செருப்பு போட்டுத்தான் காட்டுக்குள் இறங்குகிறார். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற வேலை அவர் வீட்டு அக்காவுடையது. மாத்திரை ஓடுகிறது. குதிரைவாலியும் ஓடுகிறது, அளவோடு. அதுவும் மாவுச்சத்துதான்.

போன தடவை வந்தபோது போனைக் காட்டிச் சிரித்தார். "இப்ப பூரா ஆடு வளக்குறதுதான் தாயி வருது."

அதையும் ரொம்ப நம்பி பத்து ஆடு வாங்கிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

20/
இதை ஷேர் செய்யுங்கள் என்று கேட்கப் போவதில்லை. இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பெரியவர் போனைக் கேட்டு வாங்குங்கள். திட்டாமல், சிரிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் அதன் ஹிஸ்டரியைப் படியுங்கள்.

அவர் உங்களிடம் சொல்லாத பயம் என்ன என்று அதில் இருக்கும்.