ஸ்கேனில் தெரிந்தது பையனின் குற்றமல்ல!

குரோம்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரின் மகனுக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் ஜின் என்கிறார். புஜத்தில் தாயத்து ஏறுகிறது. மூன்றாவது முறை வந்த பிறகுதான் டாக்டர், அதன் பிறகு ஸ்கேன். மூளைக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளை வளையம். "பன்றி நாடாப்புழுவின் கட்டி" என்கிறார் டாக்டர்.

அவ்வளவுதான்! எங்கே போனான், யாரோடு சேர்ந்து எதைத் தின்றான் என்று வீட்டிலேயே விசாரணை தொடங்கிவிடும். ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். வெளியே தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

சகோதரர்களே! இந்த விசாரணை அநியாயமானது. பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் தின்றவனுக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் அவன் மலத்தில் வெளியேறும். அந்த முட்டை அழுக்குக் கை, தண்ணீர், கழுவாத கீரை என எந்த வழியில் யார் வயிற்றுக்குள் போனாலும், புழு அவர் மூளையில் போய்த் தங்கலாம். தின்றவன் ஒருவன், வலிப்பு வேறொருவனுக்கு!

நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத வைதீக யூதர்கள் 4 பேருக்கு இதே நோய் வந்தது. அவர்கள் வீடுகளில் வேலை செய்ய வந்தவர்கள் வழியாகவே அது பரவியிருக்கும் என்று 1992ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். யூதருக்கு வந்தது நமக்கு வராதா?

நம் நாட்டில் இந்த வளையத்தைத் துலக்கியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் இதைக் கண்டாலே மூளையில் காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். (சானடோரியம் என்பதையே ஊர்ப்பெயராக வைத்திருக்கும் நமக்கு டி.பி. மாத்திரையின் உக்கிரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.) டாக்டர்கள் எம்.ஜே. சாண்டி, வி. ராஜசேகர் குழுவினர் அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது பல கட்டிகளில் இருந்தது நாடாப்புழு! 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒற்றைக் கட்டியை ஸ்கேனிலேயே எப்படிப் பிரித்தறிவது என்று 1993ல் வரையறுத்தார்கள். இப்படிப்பட்ட கட்டிகள் பல தாமாகவே சுருங்கி மறைகின்றன. பின்னர் வேலூர் வட்டாரத்தில் அவர்கள் எடுத்த கணக்கில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம்.

ஸ்கேனே எல்லாம் சொல்லிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். வந்தது வலிப்புதானா என்பதற்கு, நேரில் கண்டவர் சொல்லும் விவரமும் இ.இ.ஜி.யும் வேண்டும். ஸ்கேன் தேடுவது காரணத்தை. படம் சுத்தமாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

பிரியாணிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் அடுப்புச் சூட்டில் எந்த முட்டையும் பிழைக்காது. ஆனால் வெங்காயப் பச்சடி? அதை நறுக்கும் தொழிலாளி கழிப்பறையிலிருந்து வந்து கை கழுவ அங்கே சோப்பு இருக்கிறதா? கறிக்கு ஹலால் பார்க்கும் நாம் இதைப் பார்த்தோமா?

தாம்பரம் 2021ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. லாரிகள் அள்ளிச் செல்லும் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று நம் கவுன்சிலரிடம் கேட்போம். அதுவரை, பீரோவில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டை வெளியே எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பையனிடம் மன்னிப்பும் கேளுங்கள்.