நீ... நீர்... நீங்கள்!

மரியாதையான பேச்சு தமிழனோடு கூடப் பிறந்தது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் புறநானூற்றுப் புலவர்கள் அரசனையே "நீ" என்றுதான் பாடினார்கள். அரசன் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை! அன்று "நீ" என்றால் ஒருவர், "நீர்", "நீயிர்" என்றால் பலர். அவ்வளவுதான்.

ஒருவரைப் பன்மையில் சொல்லும் பழக்கம் தொல்காப்பியத்திலேயே பதிவாகியிருக்கிறது. அது இலக்கண முறை அல்ல, உயர்த்திச் சொல்லும் வழக்கு என்கிறது அந்த நூல். பின்னால் "நீர்" ஒருவருக்கே உரிய மரியாதைச் சொல் ஆனது. அதன் மதிப்பு குறைந்ததும் "கள்" சேர்ந்த "நீங்கள்" அந்த இடத்துக்கு வந்தது. இன்று திருநெல்வேலியில் "வாரும்" என்பதில் நெருக்கம்தான் அதிகம். யாழ்ப்பாணத்தில் "நீர்" என்பது நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சீனாவிலும் இதே கதைதான். 1949 புரட்சிக்குப் பிறகு அதிகாரி, தொழிலாளி எல்லோரும் "தோங்ஷி", அதாவது தோழர். 1978க்குப் பின் சந்தை திறந்ததும் பழைய "ஐயா", "அம்மணி" எல்லாம் திரும்பி வந்தன. செல்வி என்ற பொருளில் இருந்த "சியாவ்ஜியே" என்ற சொல்லுக்குப் பாலியல் தொழிலாளி என்ற பொருளும் ஏறிவிட, பல ஊர்களில் பெண்கள் அப்படி அழைக்கப்படுவதை விரும்புவதில்லை. தமிழ்நாட்டில் 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு "ஸ்ரீ"க்குப் பதில் "திரு"வைக் கொண்டுவந்தது.

சொற்கள் மாறிவிட்டன. அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பது மாறியதா? வயதான கூலித் தொழிலாளியைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் "வாடா, போடா" என்ற காலம் ரொம்பப் பழையது அல்ல. அங்கே வயதைச் சாதி ஜெயித்தது. இன்று திருச்சி கே.கே. நகர் போன்ற நகர்ப்பகுதிகளில் சாதியை வெளியே யாரும் சொல்வதில்லை. ஆனால் ஏ.சி. கடையில் இருபது வயது விற்பனையாளரிடம் "சொல்லுங்க, காட்டுங்க" என்று பேசுகிறவர், வாசலில் கீரை விற்கும் அறுபது வயது அம்மாவிடம் "என்ன விலை? குறைச்சுக் கொடு" என்கிறார். அபார்ட்மென்ட் காவலாளிக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் "நீ, வா, போ"தான். முன்பு சாதி செய்த வேலையை இப்போது பர்ஸ் செய்கிறது!

அம்மாவையும் கடவுளையும் "நீ" என்று அழைப்பது அன்பு. அவர்களிடம் உரிமை இருக்கிறது. தெருவில் உழைக்கும் பெரியவரிடம் அந்த உரிமையை யார் கொடுத்தார்கள்? அவரால் பதிலுக்கு "நீ" என்று சொல்ல முடியாது என்றால், அந்த "நீ" அன்பு ஆகாது. "நீங்க" என்று சொல்ல ஒரு பைசாகூடச் செலவில்லை. நாளைக் காலையில் கீரைக்கார அம்மாவிடமே ஆரம்பிக்கலாமே!