பட்டுக் கெண்டையின் பெயர் அறிவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி, மயிலம்)

மீன் என்றதும் குழம்பு நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் உண்பதற்கன்றிக் கண்டு மகிழ்வதற்கென்றே வளர்க்கப்படும் மீன்களும் உலகில் உண்டு. அவற்றுள் தலையாயது ஜப்பான் நாட்டுக் கோய் மீன் எனலாம். நம் பக்கத்துக் கடைகளில் இது ‘கலர் மீன்’ என்ற ஒரே பெயரில், இரண்டு அங்குலக் குஞ்சாக, பிளாஸ்டிக் பையில் விற்கப்படுகிறது. வாங்குவோர் சிவப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று என்று கேட்கிறார்கள். இம்மீனின் வகைகளை அறியாமல் அதை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. அறிந்தவர்களுள்ளும் பலர் வாங்காமல் இருப்பதே நல்லது. இது முரணாகத் தோன்றலாம். விளக்குகிறேன்.

‘கோய்’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குக் கெண்டை என்றே பொருள். ஆகவே நாம் ‘கோய் கெண்டை’ என்பது ‘கெண்டைக் கெண்டை’ என்பதைப் போன்றதுதான்! (வங்காளத்தார் ‘கொய்’ என்று விரும்பி உண்பது வேறு; அது நம் ஊர்ப் பனையேறி மீன்.) வண்ணக் கெண்டைக்கு அவர்கள் இட்ட முழுப் பெயர் நிஷிகிகோய். ‘நிஷிகி’ என்றால் பூவேலை செய்த பட்டு. ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் நெல் பயிரிட்ட உழவர்கள், பனி மூடும் குளிர்காலத்தில் உணவாகுமென்று கெண்டைகளை வளர்த்தார்கள். அவற்றுள் சிலவற்றின் உடலில் தாமாகவே நிறம் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வுழவர்கள் நிறமுள்ளவற்றைப் பிரித்து இனம் பெருக்கினார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில்தான் நாட்டார் அனைவரும் இவற்றைக் கண்டு வியந்தனர். இதைச் செய்தவர்கள் அரசரோ அறிஞரோ அல்லர், சேற்றில் இறங்கிய உழவர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பட்டு என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! காஞ்சிப் பட்டையும் ஆரணிப் பட்டையும் தொட்டவுடன் பிரித்தறியும் நம் அன்னையருக்குக் கோய் வகைகள் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் மட்டும் இருந்தால் அது கோஹாகு. இதில் பார்க்க வேண்டியது நிறத்தின் அளவை அன்று, விளிம்பை. புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் கலங்காமல் இருக்க வேண்டுவது போல, சிவப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடம் கத்தரித்தாற்போல் இருக்க வேண்டும். வெள்ளையும் பால்போல் இருக்க வேண்டும். தலையில் மட்டும் ஒரே ஒரு வட்டச் சிவப்புப் பொட்டு இருந்தால் அது தாஞ்சோ.

சிவப்பு, வெள்ளையோடு கறுப்பும் சேர்ந்தால்தான் குழப்பம். சாங்கே என்பதும் ஷோவா என்பதும் மூன்று நிறமுடையவையே. தலையைப் பாருங்கள், தோழியரே. தலையில் கறுப்பு இல்லாமல், முதுகில் மட்டும் மைத்துளி தெறித்தாற்போல் இருந்தால் சாங்கே. கறுப்பு தலையிலும் ஏறி, உடலைச் சுற்றி வளைத்திருந்தால் ஷோவா. இது 1927-இல் உருவாக்கப்பட்டது. உடல் முழுவதும் ஒரே உலோக நிறமாகத் தகதகப்பது ஓகோன். முதுகில் சாம்பல் நீல வலையும் கன்னத்தில் சிவப்பும் உடையது அசாகி. இதை முதலில் பார்ப்பவர்கள் மங்கலாக இருக்கிறதென்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கோ இதுவே எல்லாவற்றிலும் அழகு. ஒவ்வொரு செதிலும் வெளிர் ஓரத்தோடு வரிசையாக அமைந்திருப்பதைப் பார்த்தால் கோலம் போட்டவரின் பொறுமை நினைவுக்கு வரும்.

செதில் மிகக் குறைந்த ஒரு வகையும் உண்டு. 1904-இல் ஜெர்மனியிலிருந்து ஜப்பானுக்கு வந்த கண்ணாடிக் கெண்டையோடு கலந்து பிறந்ததால் அதனை டோய்ட்சு, அதாவது ஜெர்மானியம், என்கிறார்கள். இந்த ஜெர்மானியக் கெண்டை நமக்கும் உறவுதான். 1939-இல் இலங்கை வழியாக இது உதகமண்டலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஜப்பானில் அது பட்டாயிற்று. இங்கே அது குழம்பாயிற்று.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன அழகெல்லாம் மீனின் முதுகில் இருக்கிறது. குளக்கரையில் நின்று மேலிருந்து பார்ப்பதற்கென்றே இம்மீன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பக்கவாட்டில் பார்ப்பது, புடவையை மடித்த நிலையிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதற்கு ஒப்பாகும். பார்ப்பவருக்கு இது இழப்பு மட்டுமே. மீனுக்கோ உயிர்ப் பிரச்சினை. அந்த இரண்டு அங்குலக் குஞ்சு நன்கு வளர்ந்தால் இரண்டடி நீளத்தைத் தாண்டும். இருபது முப்பது ஆண்டுகள்கூட வாழும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சிறு தொட்டி நீர் எப்படி இருக்குமென்று சொல்ல வேண்டுமா? பிறந்தநாள் பரிசாகக் கோய் வாங்கித் தரும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தொட்டி போதாமல் போனதும் ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரக்கத்தோடு செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் கெண்டை இனத்தில் இது சேற்றைக் கிளறி இரை தேடும் வகை. அதனால் நீர் கலங்கும். நீர்ச்செடிகள் வேரோடு பெயரும். உலகில் பெருங்கேடு விளைவிக்கும் அயல் உயிரினங்கள் நூறு என்று அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் சாதாக் கெண்டையும் இடம் பெற்றிருக்கிறது. கோய் அதன் நெருங்கிய உறவு. வீடூர் அணை நீரில் வலை வீசிப் பிழைப்பவர்களை நினைத்தால், அந்த இரக்கம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

“மயிலத்துப் பெண்ணுக்கு ஜப்பான் மீனின் பெயர் எதற்கு?” என்று ஒரு தோழி கேட்டாள். மல்லிகை, முல்லை, இருவாட்சி மூன்றையும் ‘வெள்ளைப் பூ’ என்று சொன்னால் அவள் பொறுப்பாளா? பெயர் தெரிந்தால்தான் அந்த உயிர் எங்கே பிறந்தது, எதற்காக வளர்க்கப்பட்டது, எவ்வளவு இடம் கேட்கும் என்பதெல்லாம் தெரியவரும். 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாகு 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போயிற்று. அதைக் கேட்டு வியப்பவர்கள், 2004 அக்டோபரில் நீகாட்டாவில் நிலநடுக்கம் வந்தபோது யமகோஷி மக்கள் தங்கள் மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்றியதையும் அறிய வேண்டும். விலையைவிட அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் பள்ளித் தோட்டத்து நீரூற்றுத் தொட்டியில் கோய் விட வேண்டுமென்று வகுப்பில் பேச்சு எழுந்துள்ளது. அத்தொட்டி முழங்கால் ஆழமே. கோய்க்கு அது போதாது. அல்லிக் கொடி ஒன்றும், நம் ஏரியிலிருந்து பிடித்த சிறு கெண்டைகள் பத்தும் போதும் என்பேன். கயல் என்று கண்ணுக்கு உவமை சொன்னார்களே, அந்த இனம்தான். வாலடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். வெயில் பட்டுத் திரும்பும்போது வெள்ளிக்காசு போல் ஒரு கணம் மின்னி மறையும்.